மலைக்குத் தொப்பி இல்லை

மே மாத நடுவில் ஒரு வியாழக்கிழமை, வெள்ளைத் தாடி வைத்த ஒரு சுற்றுலாக்காரர் சந்தில் நின்று நீவெஸின் மூன்றாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, உடைந்த இத்தாலிய மொழியில் உரக்கக் கேட்டார்.

"ஏம்மா, தொப்பி இருக்கா?"

அவரோடு வந்த கூட்டம் சிரித்தது. ஒரு பெண் மட்டும் சிரிக்காமல், இப்படியும் ஒருத்தி செய்வாளா என்பதுபோல் மேலே பார்த்துத் தலையை ஆட்டினாள். நீவெஸ் அப்போது கொடியில் தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தாள். உறையைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்து, ஜன்னலைச் சாத்தி, அடுப்பங்கரை நாற்காலியில் உட்கார்ந்தாள். அறுபத்திரண்டு வயதில் ஒரு குரலுக்குப் பயந்து அவள் ஜன்னலைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

அந்தக் கேள்வி வெளியூர்க்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமே இல்லை. ஏரிக்கரையில் இருக்கும் போர்த்தவெக்கியாவின் பழைய ஊர் முழுவதும் கோட்டைச் சுவருக்குள் அடைபட்டுக் கிடப்பது. சுவருக்குள்ளேயே ஒரு குட்டிப் படகுத்துறை, அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு உயரமான கல்வீடுகள். துறையில் நிற்கிறவனுக்கு வானம் ஒரு முழத் துண்டு அளவுதான் தெரியும். அக்கரை மலை தெரியவே தெரியாது. அந்த மலையுச்சியில் மேகம் வந்து உட்கார்ந்தால் அதைத் தொப்பி என்பார்கள். தொப்பி போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் சார்னிகேரா வந்துவிடும். இந்த ஏரியின் கோடைப் புயலுக்கு அதுதான் பெயர். வந்தால் கால் மணி நேரத்தில் ஏரியைப் புரட்டிப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பூனை மாதிரி போய்விடும்.

அதனால் படகை அவிழ்க்கும் முன் ஆண்கள் கீழே நின்று குரல் கொடுப்பார்கள். மேல்மாடியில் எந்த வீட்டுப் பெண் இருக்கிறாளோ அவள் எட்டிப் பார்த்து, இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்வாள். கைபேசி வந்து இந்த வழக்கத்தை விழுங்கிவிட்டது. ஆனால் இருந்த காலத்தில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. பார்க்காமல் சொல்லக் கூடாது, பார்த்ததை மாற்றிச் சொல்லக் கூடாது. மூன்று தலைமுறைப் பகையாளி கேட்டாலும், முந்தின நாள் கை நீட்டிய புருஷன் கேட்டாலும் அப்படித்தான். புருஷனின் சூப்பில் உப்பை அள்ளிக் கொட்டிய பெண்கள் இந்தச் சந்தில் உண்டு. தொப்பி விஷயத்தில் பொய் சொன்னவள் இல்லை.

ஒருத்தி இருந்தாள். அது நீவெஸ்.

1994, ஆகஸ்டு பதினாறு, அக்கரையில் புனித ரோக்கோ திருவிழா. நடனத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவள் கணவன் அத்தீலியோ ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கவுன் தைத்து, இஸ்திரி போட்டு, நாற்காலியில் விரித்து வைத்திருந்தாள். அன்று காலையில் அவன், இந்தத் தடவை ஆண்கள் மட்டும் போகிறோம், சீட்டுப் போட்டி இருக்கிறது, மற்றவர்கள் காலைப் படகிலேயே போய்விட்டார்கள் என்றான். மதியச் சாப்பாடு முடிந்ததும், அவள் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையையே போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். பிற்பகல் இரண்டு மணிக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. நீவெஸ் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். மலை காது வரைக்கும் தொப்பியை இழுத்து விட்டிருந்தது. "இல்ல, போ" என்றாள்.

நனையட்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். அந்தச் சட்டை நனைந்து, முடி நனைந்து, மழையில் மாட்டிய கோழி மாதிரி போய் ஆடட்டும் என்று நினைத்தாள். அத்தீலியோவை மூன்றாம் நாள்தான் ஏரியிலிருந்து எடுத்தார்கள்.

புயல் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது என்று ஊர் பேசியது. மலையைப் பார்த்துத்தான் சொன்னாயா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. தொப்பி விஷயத்தில் ஒரு பெண்ணைச் சந்தேகப்பட அந்த ஊருக்குத் தெரியாது. பாவமன்னிப்புக் கூண்டில் பாதிரியாரிடம் சின்னச் சின்னப் பாவங்களையெல்லாம் கொட்டிவிட்டு இதை மட்டும் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். அடுத்த குளிர்காலத்தில், இதே அடுப்பங்கரையில், ஒரே ஒருத்தியிடம் சொன்னாள். முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஜெம்மாவிடம். ஜெம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இது நம் இரண்டு பேரோடு மண்ணுக்குப் போகட்டும் என்றாள்.

அப்படியானால் தாடிக்காரருக்கு யார் சொன்னது?

ஜெம்மா தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்று, ஐம்பத்தெட்டு வயதில் பரீட்சை எழுதி, பழைய ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி ஆனவள். காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். கோபுரவாசல், கோட்டை, மாதா கோயில், பிறகு நீவெஸின் சந்து. தினமும் இரண்டு தடவை ஜன்னலுக்கு நேர் கீழே நின்று ஐந்தாறு நிமிடம் வாயை அசைப்பாள். நீவெஸ் மேலேயிருந்து கையசைப்பாள், ஜெம்மாவும் அசைப்பாள். சத்தம் ஒன்றும் கேட்காது. ஏனென்றால் வழிகாட்டிகள் ஒலிபெருக்கி பிடித்துக் கத்தக் கூடாது என்று நகரசபை தடை போட்டிருந்தது. இப்போது அவர்கள் சட்டையில் குத்திய குட்டி மைக்கில் கிசுகிசுக்க, சுற்றுலாக்காரர்கள் காதில் கருவி மாட்டிக் கேட்கிறார்கள். அந்தத் தடை வேண்டும் என்று வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியவள் யார் என்றால், நம் நீவெஸ்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதைப் படியேறி, மூச்சு வாங்க, நூற்றிருபது கையெழுத்தோடு செய்திருந்தாள்.

அப்படி என்ன சொல்கிறாய் என் ஜன்னலைப் பற்றி என்று ஒரு தடவை கேட்டதுண்டு. வளைவுக் கல், பதினான்காம் நூற்றாண்டு வேலைப்பாடு, நீ கேட்டால் தூங்கிவிடுவாய் என்று ஜெம்மா சிரித்தாள்.

மறுநாள் காலையில் நீவெஸ் கோபுரவாசலுக்குப் போனாள். அங்கே காதுக்கருவிகளைக் கொடுத்து வாங்குகிறவன் துல்லியோ, ஐம்பது வயது, வாய் ஓயாதவன். எனக்கு ஒன்று கொடு என்றாள். உங்களுக்கு எதுக்குக்கா, இந்த ஊர்ல பாதிக் கல்லு உங்களைவிட இளசு, நீங்கதான் அதுங்களுக்குக் கதை சொல்லணும் என்றான். காது சரியாகக் கேட்கவில்லை, டாக்டரிடம் போகுமுன் சோதித்துப் பார்க்கிறேன் என்று அவள் ஏதோ சொல்லி வைத்தாள். அவன் அலைவரிசையை ஐந்தாம் எண்ணில் வைத்துக் கொடுத்து, ஜெம்மா அக்காவின் கூட்டம் பத்தரைக்குக் கிளம்பும், சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றான்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மேஜை முன் உட்கார்ந்து கருவியை மாட்டிக்கொண்டாள். முதலில் இரைச்சல். பிறகு, ஏதோ மடியில் தலை வைத்துப் படுத்திருப்பதுபோல் அவ்வளவு பக்கத்தில், ஜெம்மாவின் மூச்சு. கோட்டையைப் பற்றிச் சொன்னாள். வெனிஸ்காரன் வந்தான், மிலான்காரன் போனான். சொல்லிக்கொண்டே அவள் நடக்கிற செருப்புச் சத்தமும் சேர்ந்து கேட்டது. செருப்பு நின்றது. சந்துக்கு வந்துவிட்டார்கள்.

"இப்ப எல்லாரும் மேல பாருங்க. மூணாவது மாடி, பச்சைக் கதவு ஜன்னல். ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டுல இந்த வீட்டுல பியாங்கான்னு ஒருத்தி இருந்தா."

பிறகு எல்லாம் வந்தது. தொப்பி, தொப்பியின் சட்டம், அக்கரைத் திருவிழா, கூட்டிப்போகிறேன் என்று சொல்லி ஏமாற்றிய புருஷன். நாற்காலியில் விரித்து வைத்த கவுன் வந்தது. வெள்ளைச் சட்டை வந்தது. ஜெம்மா நன்றாகவே சொன்னாள், அதுதான் கொடுமை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டுமோ அங்கே தாழ்த்தினாள்.

"அவ ஒண்ணும் அவனைக் கொல்ல நினைக்கலைங்க. நனையட்டும்னுதான் நினைச்சா. மழையில மாட்டின கோழி மாதிரி போய் ஆடட்டும்னு நினைச்சா."

நீவெஸ் அழுதுகொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, இருபத்தெட்டு வருடத்துக்கு முன் இந்த மேஜையில் சொன்ன வார்த்தை. ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. பிணம் கிடைக்கிற வரைக்கும் மூன்று நாள் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாளாம் பியாங்கா. அதுவும் நீவெஸ் சொன்னதுதான். வேறு யாரிடமும் சொல்லாதது. கடைசியில் ஜெம்மா தன் கைச்சரக்கையும் சேர்த்திருந்தாள். பியாங்கா பைத்தியம் பிடித்து அதே ஜன்னலிலிருந்து துறையில் குதித்தாளாம், அவள் ஆவி இன்னும் அங்கே நிற்கிறதாம், தைரியம் உள்ளவர்கள் கேட்டுப் பார்க்கலாமாம்.

கீழே இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன. தொப்பி இருக்கா, தொப்பி இருக்கா. காமிராக்கள் கிளிக் கிளிக் என்றன. இத்தனை நாளும் அவரவர் மொழியில் எழுந்த இந்தக் கூச்சலை வெறும் சுற்றுலா இரைச்சல் என்றே அவள் நினைத்திருந்தாள்.

நீவெஸ் திரைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சந்தை நாளில் சதுக்கத்தின் நடுவே துணியில்லாமல் நிறுத்தியதுபோல் இருந்தது. பகையாளி செய்திருந்தால் பரவாயில்லை, அவனிடம் எதையும் கொடுத்திருக்க மாட்டோம். இவளிடம் கொடுத்தோமே என்றுதான் ஆறவில்லை. கையசைத்தோமே! தினமும் இரண்டு தடவை, இந்த நாடகத்துக்கு, மேலேயிருந்து கையசைத்தோமே.

அதற்கப்புறம்தான் நாளை சனிக்கிழமை என்பது நினைவு வந்தது.

சனிக்கிழமை அவள் மகள் சிமோனா வருகிறாள். பிரெஷியா நகரத்தில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை. அலுவலகத்தார் பன்னிரண்டு பேர் உல்லாசப் பயணமாக இங்கே வருகிறார்கள், நாலு மணிக்கு ஜெம்மாவோடு ஊர் சுற்றுகிறார்கள். மதியம் முன்னதாகவே ரயிலில் வந்து அம்மாவோடு சாப்பிடுவதாகச் சிமோனா சொல்லியிருந்தாள். அப்பா போகும்போது அவளுக்கு எட்டு வயது. அன்று பிற்பகல் இதே மேஜையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா ஜன்னலுக்குப் போனதும், இல்ல போ என்றதும் அவள் காதில் விழுந்தவைதான். குழந்தைக்கு அதில் என்ன புரியும். ஆனால் முப்பத்தேழு வயதுக்காரி நாளைக்கு இந்தச் சந்தில் நின்று, பச்சைக் கதவு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வெள்ளைச் சட்டைக் கதையைக் கேட்டால் இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

ஏற்கெனவே அவள் ஒட்டுதல் இல்லாத பிள்ளை. பத்தொன்பது வயதில் படிக்கப் போனவள் கிறிஸ்துமசுக்கு ஒரு தடவை, அப்பாவின் நினைவு நாளுக்கு ஒரு தடவை வருவாள். இரண்டு மணி நேரம் இருப்பாள், அதில் பாதி நேரம் கடிகாரத்தைப் பார்ப்பாள். முத்தம் கொடுத்தால் கன்னத்தைக் காட்டுவாள், அவ்வளவுதான். நீவெஸுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். நாளைக்கு அதுவும் போய்விடும்.

மதியம் துறைப் பக்கம் ஜெம்மாவைப் பிடித்தாள். ஜெம்மா கல்பெஞ்சில் உட்கார்ந்து, மக்காச்சோளக் களித் துண்டின் மேல் எண்ணெயில் ஊறிய ஏரிக் கருவாட்டை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். நீவெஸ் காதுக்கருவியை அவள் மடியில் போட்டாள். ஜெம்மா அதைப் பார்த்தாள், நீவெஸைப் பார்த்தாள், மெல்லுவதை நிறுத்தினாள்.

"யாருடி பியாங்கா?" என்றாள் நீவெஸ்.

ஜெம்மா முதலில் மழுப்பப் பார்த்தாள். பெயரை மாற்றிவிட்டேன், வருடத்தை மாற்றிவிட்டேன், அறுநூறு வருடத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டேன், உன்னை யாருக்குத் தெரியும் என்றாள். என் ஜன்னலை மாற்றவில்லையே என்றாள் நீவெஸ். வீட்டை விட்டு வெளியே போகிறவளைக் காட்டிக்கொடுத்தால்கூட அவள் ஓடலாம், என்னை என் வீட்டுக்குள் வைத்தே விற்றிருக்கிறாயே என்றாள். உன்னைக் கூடப்பிறந்தவளாக நினைத்தேன், கூட இருந்தே குழி பறித்திருக்கிறாய் என்றாள். அவள் குரல் உயர உயர, மீன்வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஜெம்மாவின் கண்கள் கலங்கின. களித் துண்டைத் தாளில் மடித்து வைத்தாள்.

"முத வருஷம் எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதுடி. கோட்டையில நின்னு தொண்டை கிழியப் பேசறேன், எல்லாரும் போனைப் பாக்கறாங்க. ஒருத்தன் கொட்டாவி விட்டான், என் மூஞ்சிக்கு நேரா. ஒரு நாள் உன் ஜன்னலுக்குக் கீழ வந்தப்ப, என்னமோ வாயில வந்துடுச்சு. சொல்லி முடிச்சுப் பாத்தா ஒருத்தரும் இருமக்கூட இல்ல. ஒரு அம்மா அழுதுட்டாங்க. உனக்காகத்தான் அழுதாங்க, தெரியுமா? பாவம் அந்தப் பொண்ணுன்னு சொன்னாங்க."

"எனக்காக ஊரான் அழ வேண்டாம்" என்றாள் நீவெஸ். "நாளைக்கு என் பொண்ணு வர்றா."

நாளைக்கு அந்த இடத்தில் வளைவுக் கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன், என் அம்மா மேல் ஆணை என்றாள் ஜெம்மா. இனிமேலும் சொல்ல மாட்டேன் என்றாள். நீவெஸ் நம்பவில்லை. நாளைக்கு இவள் சொல்லாவிட்டாலும் கூட்டத்தில் ஒருவன் கேட்பான். இணையத்தில் எழுதியிருக்கிறார்களே, ஆவி ஜன்னல் எங்கே என்பான். ஒரு தடவை சந்தையில் அவிழ்ந்த மூட்டையைத் திரும்பக் கட்ட முடியாது.

"சிமோனாவைப் பத்தி நீ ரொம்பக் கவலைப்படாத. அவ தாங்குவா" என்றாள் ஜெம்மா.

"எதைத் தாங்குவா? அவளுக்கு என்ன தெரியும்?"

ஜெம்மா மிச்சக் களியைப் பிய்த்து வாத்துகளுக்குப் போட ஆரம்பித்தாள். நீவெஸ் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் ஜெம்மாவுக்கான வசவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீட்டிக்கொண்டே போனாள். பக்கத்திலேயே இருந்து ஏமாற்றியவள். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு சிரித்தவள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சொல்லாதவள்.

அன்று முழுவதும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். அந்நியர் வாயிலிருந்து கேட்பதற்குப் பதில் என் வாயிலிருந்து கேட்கட்டும். வெறுத்தால் நேரடியாக என்னை வெறுக்கட்டும். முடிவு செய்த பிறகு கொஞ்சம் தைரியம்கூட வந்தது. ஜெம்மாவைப் போல் நான் இல்லை, என் பிள்ளையிடம் நான் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சிமோனா வந்தாள். கன்னத்தைக் காட்டினாள், பையைக் கதவுக் கொக்கியில் மாட்டினாள். மேஜையில் இறைச்சிப் பூரணமும் விரித்த மாவும் தயாராக இருந்தன. கசொன்செல்லி பிடித்துத் தண்ணீரில் போட வேண்டியதுதான். கேட்காமலேயே சிமோனா கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். ரயில் தாமதம், அலுவலகத்தில் ஒருத்திக்குக் கல்யாணம், இப்படி ஏதேதோ சொன்னாள். நீவெஸ் இரண்டு மாவு வட்டங்களைக் கிழித்தாள். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, மகளைப் பார்க்காமல், சொல்லிவிட்டாள்.

எதையும் குறைக்கவில்லை. கவுன், சட்டை, கோபம், மலை. தொப்பி இருந்ததைப் பார்த்தேன், இல்லை என்று சொன்னேன் என்றாள். நனையட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன் என்று சொல்ல வந்து, அது இப்போது ஜெம்மாவின் குரலில் காதில் ஒலிக்கவே, சொல்லாமல் விட்டாள்.

சிமோனாவின் விரல்கள் நிற்கவில்லை. ஒரு கசொன்செல்லியை மடித்து, ஓரத்தை அழுத்தி, மாவு தூவிய துணியில் மற்றவற்றோடு வரிசையாக வைத்தாள்.

"தெரியும்மா" என்றாள்.

நீவெஸுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. அன்றைக்கு இங்கே உட்கார்ந்திருந்தாயே, அப்போதே தெரிந்ததா என்று கேட்டாள். இல்லை, பத்தொன்பது வயதில், ஊரை விட்டுப் போவதற்கு முந்தின மாதம் ஜெம்மா அத்தை சொன்னார் என்றாள் சிமோனா.

அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. பதினெட்டு வருடம்! பதினெட்டு வருடமாக ஜெம்மா இந்த மேஜைக்கு வந்து காப்பி குடித்திருக்கிறாள். பிள்ளை ஏன் இப்படி விலகி விலகிப் போகிறது, நான் என்ன குறை வைத்தேன் என்று நீவெஸ் அழும்போதெல்லாம் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறாள். நகரத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள். நெருப்பு வைத்தவளே வந்து நெருப்புக்கு ஊதிக்கொண்டு, ஐயோ சுடுகிறதே என்றும் கேட்டிருக்கிறாள். நேற்றுக் கேட்டது ஒன்றுமே இல்லை, சுற்றுலாக்காரன் ஆயிரம் பேர் கேட்டாலும் பரவாயில்லை. பெற்ற பிள்ளையைப் பிரித்தாளே பாவி என்று நீவெஸ் வாய்விட்டே சொன்னாள். எழுந்துவிட்டாள். இப்போதே போய் அவளை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்கிறேன் என்றாள். சந்தில் நின்று அவள் என்ன கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள் தெரியுமா என்று, பியாங்காவையும் ஆவியையும் கொட்டித் தீர்த்தாள்.

சிமோனாவுக்கு அது புதிய செய்தி. கேட்கக் கேட்க அவள் முகம் சுண்டியது. அதை வேறு சொல்கிறார்களா என்று கேட்டுவிட்டு, கையில் இருந்த மாவைத் துணியில் வைத்தாள். அப்புறம் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அதுக்காக அத்தைகிட்ட நான் பேசறேன். இன்னைக்கே பேசறேன். ஆனா அன்னைக்கு அவங்க ஏன் எங்கிட்ட சொன்னாங்கன்னு நீ கேக்கவே இல்லையேம்மா."

"உங்கிட்டேர்ந்து என்னைப் பிரிக்கத்தான். வேற எதுக்கு?"

"உக்காரு" என்றாள் சிமோனா.

நீவெஸ் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலைல அப்பா எங்கிட்ட, நான் போகல கண்ணு, மேகமூட்டமா இருக்குன்னு சொன்னார். நீ மாடில துணி காயப்போட்டுக்கிட்டிருந்த. நான்தான் அழுது அடம் பிடிச்சேன். திருவிழாவுல பாதாம் மிட்டாய் விப்பாங்களே, அது வேணும்னு. காலைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினேன். சரி போறேன், அழாதன்னார். உங்கிட்ட என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதாலதான் போனார்னு எனக்குத் தெரியும்."

நீவெஸின் கண், எட்டு வயதுக் குழந்தை உட்கார்ந்து வண்ணம் தீட்டிய மேஜை ஓரத்துக்குப் போனது.

"எட்டு வயசுலேர்ந்து பத்தொன்பது வயசு வரைக்கும், நான்தான் அப்பாவைக் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு அத்தை வீட்டுல உடைஞ்சு போய்ச் சொல்லிட்டேன். இனிமே இருக்க வேண்டாம்னு தோணுது அத்தைன்னேன். அவங்க கதவைச் சாத்திட்டு வந்து பக்கத்துல உக்காந்தாங்க. அப்புறம்தான் உன் விஷயத்தைச் சொன்னாங்க. நீ இல்ல கண்ணு, நீ இல்லன்னு சொல்லத்தான் சொன்னாங்க."

அப்பா இறந்த வருடம் குழந்தை படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தது நீவெஸுக்கு நினைவு வந்தது. இனிப்பைத் தொடாமல் இருந்தது, பள்ளியில் பேச மாட்டேன் என்றது. அப்பாவை நினைத்து ஏங்குகிறது என்று எல்லோரிடமும் சொன்னாள். பக்கத்தில் போட்டுப் படுக்க வைத்துக்கொண்டு, அதன் தலையைத் தடவிக்கொண்டே, தன் பாவத்தை மட்டும் நினைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தாள். ஏன் அழுகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் எங்கே திரும்பத் தன்னைக் கேட்டுவிடுமோ என்று பயம்.

"நீ அன்னைக்குப் பொய் சொன்னதை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்மா" என்றாள் சிமோனா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நீவெஸுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "கோவத்துல வந்த ஒரு வார்த்தை அது. நானாயிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனா பதினோரு வருஷம் ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு நான் தூங்காம கிடந்தேன். நீயும் தூங்காமத்தான் கிடந்த. உனக்குக் காரணம் தெரியும், எனக்குத் தெரியாது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அதை எப்படி மன்னிக்கறதுன்னுதான் எனக்குத் தெரியல. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் தெரிஞ்சுடும்னு நினைச்சுத்தான் வர்றேன்."

நீவெஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு நாளாக ஜெம்மாவுக்கென்று தீட்டி வைத்திருந்த வார்த்தைகள்தான் நாக்கில் இருந்தன, அவை ஒவ்வொன்றும் நீவெஸுக்கே அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தின.